சாம்ப்ளரை சர்வீஸுக்குக் குடுக்கறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டுப் போங்க, என் 18,500 ரூபா போச்சு

நேத்து ராத்திரி பூரா தூக்கமே இல்ல. இன்னும் கை நடுங்குது, பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

என்கிட்ட இருக்கறது ஆக்டாட்ராக்ங்கற சாம்ப்ளர், பதிவு பண்ண சவுண்டை மேடையில மாத்தி மாத்தி வாசிக்கற மெஷின், முதல் மாடல். அதுல இருக்கற கிராஸ்ஃபேடர்ல, அதாவது சவுண்டை மாத்தத் தள்ளற கட்டையில, தூசி ஏறி, சீன் ஏ-ல இருந்து பி-க்கு (சீன்னா சேவ் பண்ணி வெச்ச ஒரு சவுண்டு செட்டிங்) தள்ளும்போது நடுவுல குதிக்க ஆரம்பிச்சுது. மேடையில அப்படிக் குதிச்சா மொத்த சவுண்டும் படக்குனு மாறிடும். அதான் சென்னையில கீபோர்டு, சிந்த் எல்லாம் சரி பண்ற ஒரு கடைக்குக் கொண்டு போனேன். ஃபேடர் மாத்த, உள்ள கிளீன் பண்ண, டேட்டா பேக்கப் எடுக்க எல்லாம் சேர்த்து 18,500, முழுசா முன்பணம்னாங்க. யூபிஐ-ல அங்கயே போட்டேன்.

என் வேலையெல்லாம் இருக்கற மெமரி கார்டை எடுத்துக்கலாம்னு பாதி வெளிய இழுத்துட்டேன். அப்பதான் கவுண்டர்ல இருந்தவர், "தம்பி, கார்டு உள்ளயே இருக்கட்டும், உங்க ப்ராஜெக்ட்லயே டெஸ்ட் பண்ணாத்தான் ஃபேடர் சரியாச்சான்னு தெரியும், கை வைக்கறதுக்கு முன்னாடியே காப்பி எடுத்துருவோம், அதுக்கும் சேர்த்துத்தானே காசு வாங்கறோம்"னு சொன்னார். டீ வரவழைச்சுக் குடுத்தார், கூடப் பிறந்த அண்ணன் மாதிரி பேசினார். நான் நம்பி அந்தக் கார்டை என் கட்டைவிரலாலயே திரும்ப உள்ள தள்ளினேன்.

மூணு வாரம் கழிச்சு வாங்கிட்டு வந்து ஆன் பண்ணா ஒண்ணுமே இல்ல. கார்டு ஃபார்மட் ஆகியிருக்கு. ஃபேடரைத் தள்ளிப் பாத்தேன், அதே இடத்துல அதே குதி.

இந்த மெஷின்ல ப்ராஜெக்ட் மொத்தமும் அந்தக் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுலதான் கிடக்கும். ப்ராஜெக்ட்டுக்குள்ள பேங்க்னு பிரிவுகள் இருக்கும், ஒரு பேங்க்குக்கு பார்ட்னு 4 செட்டிங் தொகுப்பு, ஒவ்வொரு பார்ட்லயும் 16 சீன். எந்த ட்ராக்ல எந்த சாம்பிள், ஃபில்டர் எவ்வளவு மூடணும், டிலே, அதாவது எதிரொலி, எவ்வளவு சுத்தணும், எல்லாம் அதுல. ஃபேடரை ஒரே இழுவையா இழுத்தா பறை அடி மெல்ல மங்கி நாதஸ்வரம் மட்டும் எதிரொலியில மிதக்கும், அந்த ஒரு சீனுக்கு நாலு ராத்திரி உக்காந்தேன். ஒவ்வொரு மாத்தத்துக்கும் பார்ட் சேவ் பண்ணி, அப்புறம் ப்ராஜெக்ட்டையும் சேவ் பண்ணிருவேன், மேடையில எவ்வளவு கலைச்சாலும் ஃபங்ஷன் பட்டனும் கியூ பட்டனும் சேர்த்து அமுக்கினா சேவ் பண்ண இடத்துக்கே வந்து நிக்கும். எல்லா சேவும் அதே கார்டுலதானே இருந்துச்சு! சவுண்டு பதிவான வேவ் ஃபைல் லேப்டாப்ல இருக்கு, செட்டிங் ஒண்ணு கூட இல்ல. ரெண்டு வருஷ வேலை.

ஃபோன் பண்ணா முதல்ல "கார்டே பழசு சார், அதுவா கரப்ட் ஆயிருக்கும்". மறுநாள் "ஃபார்மட் பண்ணாம டெஸ்ட் பண்ண முடியாது சார்". அப்ப பேக்கப் எங்கன்னு கேட்டா "அந்தப் பையன் லீவுல இருக்கான்". தம்பி போய் சார் ஆயிருச்சு பாருங்க. ஃபேடர் இன்னும் குதிக்குதுன்னு வீடியோ அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. நேர்ல போனா ஓனர் வெளியூர்ல இருக்காராம். 18,500 ரூபாக்கு பில்லு கூட ஒழுங்கா குடுக்கல, ஒரு துண்டுச் சீட்டுல "சர்வீஸ்"னு மட்டும் எழுதியிருக்கு.

என்னென்ன செய்யணும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல. கார்டை உருவிட்டு மெஷினை மட்டும் குடுங்க, டெஸ்ட் பண்ண வேற காலி கார்டு குடுங்க. அதுக்கு முன்னாடி மெஷினை கேபிள்ல கம்ப்யூட்டரோட இணைச்சு யூஎஸ்பி டிஸ்க் மோட்ல போட்டு முழு ஃபோல்டரையும் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணிருங்க. முழுக் காசை முன்னாடியே குடுக்காதீங்க. வாங்கும்போது கடையிலயே ஆன் பண்ணி ஃபேடரை ஓட்டிப் பாருங்க. கார்டுல இருந்து அழிஞ்சதை மீட்டு எடுக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அதுல நான் இன்னும் எதையும் எழுதல, அப்படியே எடுத்து வெச்சிருக்கேன்.