கடைக்கு இணையத்தளம் செய்யக் கொடுக்கிறீர்களா? டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில் என்று முதலில் கேளுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில் சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பகலில் சோறு கறி, பின்னேரம் அப்பம், இடியப்பம், கொத்து. கடந்த வருடம் கடைக்கு ஒரு இணையத்தளம் செய்விக்க 85,000 ரூபா கொடுத்து ஏமாந்தேன். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது.

செய்தவர் தன் மடிகணினியில் காட்டியபோது நன்றாகத்தான் இருந்தது. திறந்ததும் பெரிய வீடியோ, வாழையிலையில் தோசை. எங்கள் கடையில் தோசையே போடுவதில்லை. "இப்ப இது இருக்கட்டும் அண்ணா, பிறகு உங்கட படத்தைப் போடுவம்" என்றார், நானும் சரி என்று மிச்சக் காசையும் கொடுத்துவிட்டேன்.

இரவு என் போனில் திறந்தால் அந்த வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. சாப்பாட்டுக் கடை தேடுகிறவர் பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர், கடை திறந்திருக்கிறதா, எங்கே இருக்கிறது, கொத்து என்ன விலை என்பதுதான் அவருக்கு வேண்டும், மூன்றுமே முகப்பில் இல்லை. தொலைபேசி எண் படத்துக்குள் இருப்பதால் தொட்டால் அழைப்புப் போகாது. மெனு ஒரு பிடிஎஃப், விரித்து விரித்துத்தான் படிக்க வேண்டும். தமிழ்ப் பக்கம் அதைவிட மோசம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே போட்டிருக்கிறார். அந்த எழுத்துரு இருந்த அவருடைய கணினியில் தமிழாகத் தெரிந்தது, மற்றவர்களுக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. எல்லாக் கணினியிலும் போனிலும் தெரியும் யூனிகோடில் அடிக்காமல் விட்டுவிட்டுத் தமிழுக்கென்று தனிக் காசும் வாங்கினாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முட்டை விலை ஏறி மெனுவில் விலை மாற்றக் கேட்டபோது, ஒவ்வொரு தடவைக்கும் 3,500 ரூபா என்றார். வேறு ஆளிடம் கொடுப்போம் என்று கடவுச்சொல்லைக் கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, டொமைன் பதிவாகியிருப்பது அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில். அதை என் பக்கம் மாற்றத் தேவையான குறியீட்டையும் அந்தக் கணக்குக்குள் போய்த்தான் எடுக்கலாம். அதற்கு 40,000 கேட்டார், பிறகு போனையே எடுப்பதில்லை. கூகுள் மேப்பில் கடையின் பக்கத்தையும் தன் ஜிமெயிலில்தான் திறந்திருந்தார். உரிமை கேட்டு விண்ணப்பித்து, கடையை வீடியோ எடுத்து அனுப்பி அதை மட்டும் மீட்டேன்.

டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். டொட் கொம் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாதான், டொட் எல்கே வேண்டுமென்றால் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் பதியலாம். கடைசிக் காசைக் கொடுக்க முதல் வைஃபையை நிறுத்திவிட்டு உங்கள் போனில் திறந்து பாருங்கள், மெனுவில் ஒரு விலையை உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள், முடியாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

இப்போது புது இணைய முகவரியில் ஒரே ஒரு பக்கம்: விலையோடு மெனு, திறக்கும் நேரம், மேப், தொட்டால் அழைக்கும் எண். பழைய முகவரி அச்சடித்த பார்சல் பைகள் இன்னும் இரண்டாயிரம் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுக்கிறோம்.