மாட்டெலும்பா, கோழியா, குக்கரா, கட்டியா? வீட்டில் ஃபோ செய்ய எது கட்டுப்படியாகும்

சென்னையில் ஓர் உணவகத்தில் ஒரு கிண்ணம் ஃபோவுக்கு, அதாவது எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட வியட்நாம் சூப்புக்கு, வரி சேர்த்து 520 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்த அன்று எனக்குப் பொறுக்கவில்லை. வியட்நாமின் தலைநகர் ஹனோயில் காலை ஆறரை மணிக்கு நடைபாதையில், முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலியில் குந்தி, அலுவலகம் போகிற அவசரத்தில் ஆட்கள் உறிஞ்சிக் குடிக்கும் சாப்பாடு இது. அங்கே அதை யாரும் விருந்தாக நினைப்பதில்லை, நம் ஊர் இட்லி மாதிரிதான். அதற்கு இங்கே இவ்வளவா?

சரி, வீட்டிலேயே செய்வோம் என்று இறங்கினேன். சில மாதங்களில் நாலு வழிகளையும் பார்த்துவிட்டேன். முதலாவது, மாட்டெலும்பை ஆறு மணி நேரம் சிம்மில் வைப்பது. இரண்டாவது, அதே எலும்பைக் குக்கரில் போடுவது. மூன்றாவது, முழுக்கோழி. நாலாவது, கடையில் விற்கும் ஃபோ மசாலாக் கட்டி. நாலு பேருக்கு நாலு கிண்ணம் என்பது கணக்கு. விலையெல்லாம் எங்கள் பகுதியில் நான் கொடுத்தது, உங்கள் ஊரில் கொஞ்சம் ஏறி இறங்கலாம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். கோழியில் செய்தால் அது 'அசல்' இல்லை, ஏதோ சமாளிப்பு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஃபோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு வியட்நாமில், நாம் தின், ஹனோய் பக்கம் உருவானது. பிரெஞ்சுக்காரர்கள் வந்தபின்தான் அங்கே மாட்டிறைச்சிக்குக் கிராக்கி கூடியது. நல்ல கறி அவர்கள் தட்டுக்குப் போக, மிஞ்சிய எலும்பும் ஓரக்கறியும் தெருவில் விற்பவர்களின் பானைக்கு வந்தன. கோழி ஃபோ வந்தது 1939 வாக்கில். அப்போது ஹனோய்ச் சந்தையில் திங்களும் வெள்ளியும் மாட்டிறைச்சி விற்க முடியாது. கடைக்காரர்கள் அந்த இரண்டு நாளும் அடுப்பை அணைத்துப் போடாமல் கோழியைப் போட்டார்கள். இரண்டுமே கையில் இருப்பதை வைத்துச் செய்ததுதான். இதில் எது அசல், எது நகல்?

இனி பானைக்கு வருவோம்.

மாட்டெலும்பு, ஆறு மணி நேரம்

ஒன்றரைக் கிலோ எலும்பு 150 ரூபாய். கிண்ணத்தில் போட 400 கிராம் நெஞ்சுக்கறி 160 ரூபாய். எலும்பைத் தண்ணீரில் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை அப்படியே கீழே கொட்டிவிட்டு, எலும்பை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோம்பல்பட்டு இதை விட்டால் சாறு கடைசிவரை கலங்கலாகவே இருக்கும், கவிச்சியும் போகாது. பிறகு புதுத் தண்ணீர், குறைந்த தீ. மேலே எப்போதாவது ஒரு குமிழி வந்து போனால் போதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நீரோடு கலந்து வெளுத்துப்போகும். முதல் தடவை நான் அப்படித்தான் கெடுத்தேன். வந்தது ஆட்டுக்கால் பாயா நிறத்தில் இருந்தது, ருசி மோசமில்லை, ஆனால் ஃபோ இல்லை.

எல்லோரும் பயப்படுவது கேஸ் செலவுக்குத்தான். வீட்டு அடுப்பின் சின்ன பர்னர் முழுத் தீயில் மணிக்குச் சுமார் 100 கிராம் கேஸ் எரிக்கும். சிம்மில் அதில் பாதிக்கும் கீழே. ஆறு மணி நேரம் வைத்தாலும் 300 கிராமைத் தாண்டாது. சிலிண்டர் விலையை 14.2 கிலோவால் வகுத்துப் பாருங்கள், இருபது ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும். பணத்தைவிட அதிகம் போவது ஞாயிற்றுக்கிழமைதான். அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போகவும் முடியாது.

குக்கர்

1.2 கிலோ எலும்பு, இரண்டு லிட்டர் தண்ணீர். ஐந்து லிட்டர் குக்கர் இதற்குமேல் தாங்காது, மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே நிரப்பக் கூடாது. ஒரு விசில் வந்ததும் சிம்முக்கு இறக்கி ஒன்றரை மணி நேரம். உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போவதால் எலும்பின் பசை சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

குக்கரில் வைத்தால் சாறு கலங்கும் என்பது பாதி உண்மை. விசில் அடிக்கும்போது அழுத்தம் சட்டென்று குறைந்து உள்ளே எல்லாம் புரண்டு கொதிக்கிறது, கலங்குவது அப்போதுதான். விசில் வராத அளவுக்குத் தீயைத் தாழ்த்திவிட்டால் உள்ளே தண்ணீர் அசையாமல் கிடக்கும். அணைத்தபிறகும் வெயிட்டைத் தூக்காமல் தானாக அடங்கவிட வேண்டும். நான் பார்த்தவரை, இப்படி எடுத்த சாறு ஆறு மணி நேரச் சாற்றுக்குப் பக்கத்தில் நின்றது. வாசனையில் ஒரு படி குறைவு, அடர்த்தியில் சமம். ஒன்று மட்டும் கவனம்: மசாலாவைக் குக்கருக்குள் போடாதீர்கள். அன்னாசிப்பூ அந்த வெப்பத்தில் கஷாயமாகிவிடும். திறந்தபிறகு துணியில் முடிந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் போதும்.

கோழி

தோலோடு ஒரு முழுக்கோழி, 260 ரூபாய். கூடவே கால் கிலோ கோழிக்கால், 30 ரூபாய். நான் சொல்வது தொடைக்கறி இல்லை, நகத்தோடு கிடக்கும் பாதம். சாற்றுக்கு வழுவழுப்புத் தருவது அதுதான். கடைக்காரர் நாய்க்கா என்று கேட்பார், கேட்கட்டும்.

கோழி வேகத் தொடங்கிய நாற்பதாவது நிமிடம் வெளியே எடுத்துப் பச்சைத் தண்ணீரில் முக்கி, கறியை உரித்து வைத்துக்கொண்டு, கூட்டை மட்டும் திரும்பப் பானையில் போட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். கறி காய்ந்துபோகாது, சாறு தெளிவாக, பொன்னிறமாக வரும். நாலு கிண்ணத்துக்குப் போட்டதுபோக மறுநாள் சாண்ட்விச்சுக்கும் கறி மிஞ்சும். மாட்டில் இந்த வரவு கிடையாது.

கட்டி

கடைசியில் கட்டி. இறக்குமதிச் சரக்கு. ஒரு பெட்டிக்கு 250 ரூபாய் கொடுத்தேன், நாலு கிண்ணத்துக்குப் பாதிப் பெட்டி. அதாவது உப்பும் அஜினோமோட்டோவும் சேர்ந்த அந்த 125 ரூபாய்ச் சமாச்சாரம் ஒரு கிலோ எலும்பைவிட விலை கூடுதல்! வியட்நாமில் அது மலிவு, அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே அவசரத்துக்கு ஆகும், சிக்கனத்துக்கு ஆகாது.

நாலையும் கூட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம். எதில் செய்தாலும் நூடுல்ஸ் 180, மசாலா 20, வெங்காயம் இஞ்சி 20, மீன் சாஸ் 20, தழையும் எலுமிச்சையும் 40, ஆக 280 ரூபாய் பொதுச் செலவு. அதன்மேல் சாறும் கறியும் கேஸும் சேர்த்தால் ஆறு மணி நேர மாட்டெலும்பு கிண்ணத்துக்குச் சுமார் 152 ரூபாய், கோழி 145, அதே நெஞ்சுக்கறியைப் போட்டால் குக்கரும் கட்டியும் ஆளுக்கு 141. அதிகத்துக்கும் குறைவுக்கும் பதினோரு ரூபாய்தான் வித்தியாசம். எலும்பா கோழியா என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது பணத்துக்காக என்றால் வீண். ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. அந்த 180 ரூபாய் நூடுல்ஸ் பாக்கெட்.

இங்கேதான் நம் வீட்டுக் கைவேலை உதவுகிறது. ஃபோவுக்கான தட்டை நூடுல்ஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் இலை வடாம் போடத் தெரிந்த யாருக்கும் சிரிப்பு வரும். ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்து, நீர்தோசை மாவுபோல் கரைத்து, மெல்லிசாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து உரிப்பது. நாம் அதை வெயிலில் காயப்போடுகிறோம், அவர்கள் ரிப்பன் ரிப்பனாக வெட்டிக் கிண்ணத்தில் போடுகிறார்கள். 300 கிராம் பழைய பச்சரிசிக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு மரவள்ளி மாவு சேர்த்தேன். அரிசி மட்டும் என்றால் சாற்றில் விழுந்ததும் முறிந்துவிடுகிறது. எண்ணெய் தடவிய தட்டில் ஒரு சின்னக் கரண்டி மாவு, இட்லிப் பானையில் இரண்டு நிமிடம். செலவு 30 ரூபாய். கிண்ணத்துக்கு 37 ரூபாய் மிச்சம், சாற்றை மாற்றி மிச்சம் பிடிப்பதைவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பதினைந்து இருபது தட்டு ஊற்ற வேண்டும், இடுப்பு கேட்கும். ஆள் துணை இல்லாத நாளில் நான் பாக்கெட்டையே பிரிக்கிறேன். கடையில் கிடைக்கும் அரிசிச் சேவை ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: வேகும், சாப்பிடலாம், ஆனால் உருண்டையான அந்த இழை வியட்நாமில் பூன் என்கிற வேறு நூடுல்ஸுக்குத்தான் உறவு.

தழையிலும் மிச்சம் பிடிக்கலாம், ஹனோய்ப் பாணியைப் பிடித்துக்கொண்டால். 1954இல் நாடு இரண்டாகப் பிரிந்து வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே போனபோது ஃபோவும் சைகோனில் பரவியது. முளைப்பயறு, துளசி வகைகள், இனிப்புச் சாஸ், காரச் சாஸ் என்று தட்டு நிறையத் துணைக்கு வைப்பது அந்தத் தெற்கத்திப் பழக்கம். வடக்கே வெங்காயத்தாள், கொத்தமல்லி, பூண்டு போட்ட வினிகர், மிளகாய், முடிந்தது கதை. இல்லை, சைகோன் மணம்தான் வேண்டும் என்றால் விலை கூடின தாய் பேசில் கட்டைத் தேட வேண்டாம். பூக்கடையில் கிடைக்கும் திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான். வீட்டுத் துளசி வேண்டாம், அது கிராம்பு வாடை அடித்து ஊரைக் கூட்டும்.

மசாலாவில் நாம் செய்யும் தப்பு வேறு மாதிரி. நம் கை பிரியாணிக் கை. இரண்டு லிட்டர் சாற்றுக்கு அன்னாசிப்பூ இரண்டு, பட்டை விரல் நீளம், கிராம்பு மூன்று, கறுப்பு ஏலக்காய் ஒன்று, தனியா ஒரு சின்னக் கரண்டி, வெறும் சட்டியில் வறுத்தது. இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். நம் கடைகளில் விற்கும் அன்னாசிப்பூவில் பெரும்பங்கு வியட்நாமிலிருந்தே வருகிறது, ஆக இந்த ஒரு சரக்கிலாவது நாம் ஹனோய்க்காரருக்குக் குறைந்தவரில்லை.

கைவைக்கக் கூடாத இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, வெங்காயத்தையும் இஞ்சியையும் நேராகத் தீயில் கத்தரிக்காய் சுடுவதுபோல் கருகச் சுட்டு, கரியைத் தேய்த்துவிட்டுப் போடுவது. செலவே இல்லாத வேலை, இதை விட்டால் எது செய்தும் எலும்பு சூப்தான். இன்னொன்று மீன் சாஸ். நெத்திலியையும் உப்பையும் அடுக்கி மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிப்பது. பாட்டில் 300 ரூபாய் என்றதும் கை பின்வாங்கும், ஆனால் ஒரு தடவைக்கு மூன்று மேசைக்கரண்டிதான். சோயா சாஸ் ஊற்றிப் பார்த்தேன், சைனீஸ் கடை வாடை வந்தது. சமையல் முடிந்து அடுப்பை அணைத்தபிறகு ஊற்றுங்கள், கொதித்தால் நாற்றம்தான் மிஞ்சும்.

பச்சைக் கறியை மெல்லிசாகச் சீவி மேலே கொதிசாறு ஊற்றுகிற 'ஃபோ தாய்' வகையை (தாய்லாந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) நான் வீட்டில் செய்வதில்லை. காலையில் வெட்டி வெயிலில் தொங்கும் கறிக்கு அந்தத் தைரியம் எனக்கில்லை.

ஆக, என் வீட்டில் கோழிதான் ஜெயித்தது. இரண்டேகால் மணி நேரம், கறியும் மிஞ்சும், எலும்பு தேய்த்துக் கழுவும் வேலை கிடையாது. மாட்டு ருசி வேண்டும் என்று நாக்கு கேட்கிற வாரம் குக்கர். ஆறு மணி நேரப் பானை மழைக்காலத்துக்கு, வீட்டை விட்டு நகர முடியாத நாளுக்கு. கட்டிப் பெட்டியின் மீதிப் பாதி அலமாரியில் கிடக்கிறது.

ஹனோயில் போர்க்காலத்திலும் அதற்குப் பிந்தைய ரேஷன் காலத்திலும் கறியே இல்லாத ஃபோ விற்றார்கள். தலைக்குமேல் பறந்த ஆளில்லா அமெரிக்க உளவு விமானங்களை நினைத்து மக்கள் அதற்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பேர் வைத்தார்கள். வீட்டிலிருந்து ஆறிய சோற்றைக் கொண்டுவந்து சாற்றில் போட்டு வயிற்றை நிரப்பியவர்களும் உண்டு. அதைப் படித்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் சாற்றை நான் கொட்டுவதில்லை. திங்கள் காலை பழைய சோற்றைப் போட்டுச் சூடுபண்ணி, ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டால் போதும். என் மாமியார் இன்றுவரை ஃபோ என்று வாயால் சொன்னதில்லை. "அந்த வியட்நாம் ரசம் இன்னும் இருக்கா?" என்றுதான் கேட்பார்.