கலக்ஸி கறுப்பும் கோட்டாக் கல்லும்: கரையோர வீட்டில் எதை எங்கே போடலாம்?

கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வீடு கட்டுவோர் கல் தெரிவு செய்யும்போது நிறத்தையும் விலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கல் எப்படி உருவானது என்பதைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை வராது.

கலக்ஸி கறுப்பு ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வருவது. கடையில் கிறனைட் என்றே விற்பார்கள். உண்மையில் அது கப்ரோ வகைத் தீப்பாறை. பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்ல ஆறியதால் கனிமங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னி இறுகியிருக்கும். பொன்னாக மினுங்கும் புள்ளிகள் பைரொட்சீன் கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோவின் அளவில் இதன் கடினம் ஏறத்தாழ 6. சாதாரண கத்தி கீறாது, நீரும் உள்ளே இறங்காது.

கோட்டா ராஜஸ்தானின் சுண்ணக்கல், அடையற் பாறை. அதன் முக்கிய கனிமமான கல்சைற்றின் கடினம் 3 மட்டுமே. பெரிய குறை அதுவல்ல, அமிலம். தேசிப்புளியோ வினாகிரியோ பழப்புளிக் கரைசலோ சிந்தினால் மெருகு அரிக்கப்பட்டு மங்கல் தடம் விழும். அது கறையல்ல, கல்லே கரைந்த இடம். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது, திரும்ப மெருகேற்றத்தான் வேண்டும். மீன் கழுவி தேசிக்காய் பிழியும் நம் குசினிக்கு இந்தக் கல்லை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

விறாந்தையில் கதை வேறு. மெருகேற்றாத கோட்டா மழை ஈரத்திலும் கால் வழுக்காது. மெருகேற்றிய கலக்ஸி நனைந்தால் ஆபத்து, தூசும் உப்புத் தடமும் உடனே தெரியும். ஆனால் கோட்டா படைபடையாகப் பிளக்கும் கல். வாங்கும்போது தட்டிப் பாருங்கள்: கணீரென்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே படை விலகியிருக்கும், ஒதுக்கிவிடுங்கள். பதிக்கும் சாந்துக்குக் கடல் மணல் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலேறிக் காயும்போது வெள்ளை பூக்கும், மேல்படையும் உதிரும். கழுவிய ஆற்று மணல்தான் சரி. சாந்து முழுக்கக் காயாமல் சீலர் (கல்லுக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு) பூசினால் ஈரம் கல்லுக்குள்ளேயே அடைபடும்.

கலக்ஸியில் ஏமாற்று, சாயம் ஏற்றிய மட்டக் கல். வெள்ளைத் துணியில் அசிற்றோன் நனைத்துத் துடையுங்கள். துணி கறுத்தால் வாங்காதீர்கள். குசினி மேடைக்குப் போடும் 20 மி.மீ. கலக்ஸிப் பலகை சதுர அடிக்கு 5 கிலோவுக்கு மேல் இருக்கும், ஆகவே அடித்தாங்கல் பலமாக வேண்டும். அதிகம் வெடிப்பது சிங்க் துளையின் மூலையில்தான். மூலையை வளைவாக வெட்டச் சொல்லுங்கள். சதுரமாக வெட்டினால் விசை அங்கே குவிந்து கீறல் ஓடும். சிங்க்கின் முன்பட்டை 3 அங்குலமாவது இருக்கட்டும், சூடான சட்டியை அதன்மேல் நேரே வைக்க வேண்டாம். மேடையின் முன்விளிம்புக்குக் கீழே நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் வெட்டிவிட்டால் வழியும் தண்ணீர் அலுமாரிக்குள் போகாது. இதைக் கேட்காமல் செய்துதரும் மேசன் குறைவு.

நம் பகுதிக் குவாரிகளில் உடைக்கும் கருங்கல் பெரும்பாலும் இந்த இரண்டு வகையும் அல்ல. நைஸ் எனும் உருமாறிய பாறை. அமிலத்துக்கு அசையாது. வெளிப்படிக்கு அதை வெட்டித் தர ஆள் கிடைத்தால் கோட்டாவைவிட அதையே எடுக்கலாம்.