சாயக்கழிவு: பொது நிலையமா, சொந்த நிலையமா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைத் திருப்பூர் மறக்கவில்லை. நொய்யல் ஆற்றில் சொட்டுக் கழிவும் விடக்கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் முதலீட்டைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். சின்னப் பட்டறைக்கு அதுதான் தாங்கும். ஆனால் நிலையத்தில் கோளாறு வந்தால் எல்லோருக்கும் வேலை நிற்கும்.

சொந்த நிலையம் என்றால் கழிவைக் காய்ச்சி வற்றவைக்கும் எரிபொருள், மின்சாரச் செலவு மாதாமாதம் கையைக் கடிக்கும். சரி, பலன்? ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டியில் தெளிந்து வரும் தண்ணீர் மறுபடி சாயமேற்றப் போகிறது; பிரித்தெடுத்த உப்பும் அப்படித்தான். வெளிநாட்டு பிராண்டுக்காரர்கள் தணிக்கைக்கு வந்தால் மீட்டர் கணக்கை நேரடியாகக் காட்டலாம். பெரிய ஏற்றுமதி ஆர்டர் எடுப்பவருக்கு நான் சொந்த நிலையத்தைத்தான் சொல்வேன்.