பங்சாரில் விற்கும் ‘உடல் வயது’ எச்சில் கிட்: வாங்கலாமா?

கோலாலம்பூர், பங்சாரில் ஒரு கிளினிக்கில் விற்கும் கிட் இது. விலை ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல். எச்சிலைக் கொடுத்தால் உங்கள் செல்களுக்கு உண்மையில் என்ன வயது என்று சொல்வார்களாம். எச்சில் எடுக்கும் ஏற்பாட்டில் குறையே இல்லை. கோளாறு ரிப்போர்ட்டில்தான்.

முதலில் குழாய். 2 மில்லி எச்சில் வேண்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தே தாரிக், சிகரெட், வெற்றிலை எதுவும் கூடாது, தண்ணீர்கூட. பெரும்பாலோர் தவறுவது நுரையில். கோடு வரை ஏறியிருப்பது நுரையானால், அது அடங்கியதும் பாதிகூடத் தேறாது. டிஎன்ஏ போதவில்லை என்று லேப் திருப்பிவிடும். நுரைக்குக் கீழே இருக்கும் நீரைப் பார்த்து அளக்க வேண்டும். வாய் வறண்டால் புளிமாங்காயை நினைத்துக்கொண்டு கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துவிடுங்கள், ஊறிவிடும். மூடியைத் திருகியதும் அதிலிருந்து பதப்படுத்தும் திரவம் இறங்கும். உடனே நன்றாகக் குலுக்க வேண்டும். கலக்காத இடத்தில் கிருமிகளும் நொதிகளும் டிஎன்ஏவைச் சிதைக்கும். கலந்துவிட்டால் நம் ஊர் வெயிலில் கூரியரில் போனாலும் பயமில்லை.

டிஎன்ஏவில் ஆங்காங்கே மெத்தில் என்ற சிறு வேதிக் குறி ஒட்டியிருக்கும், வயதோடு அது மாறும். லேப்பில் டிஎன்ஏவை பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளில் ஊறவைப்பார்கள். டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், மெத்தில் குறி இல்லாவிட்டால் யூராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், குறி உள்ளது அப்படியே இருக்கும். அந்த வித்தியாசத்தை ஒரு சிப் லட்சக்கணக்கான இடங்களில் படிக்கும். அதிலிருந்து வயதைக் கணக்கிடும் சூத்திரத்துக்குத்தான் ‘கடிகாரம்’ என்று பெயர். மரபியலாளர் ஸ்டீவ் ஹார்வத் 2013இல் 353 இடங்களை வைத்து அமைத்த கடிகாரம் பல திசுக்களுக்கும் பொருந்தியது. அவரே பிறகு பல்கலைக்கழகத்தை விட்டு ஆல்டோஸ் லேப்ஸ் என்ற முதுமை ஆய்வு நிறுவனத்துக்குப் போனார். துறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

இனி ரிப்போர்ட். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 38.4. எந்தக் கடிகாரம் என்று எங்கும் இல்லை, பிழை எல்லையும் இல்லை. இதை மன்னிக்க முடியாது. ஒரே டிஎன்ஏ மாதிரியை இரண்டு முறை சோதித்தாலே பிரபலக் கடிகாரங்கள் சிலவற்றில் 9 ஆண்டுகள் வரை வித்தியாசம் வந்ததை 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. சிப்பில் ஒவ்வோர் இடத்தையும் படிக்கும்போது நேரும் சிறு பிசிறுகள் கூடிச் சேர்வதே காரணம். அப்படியிருக்க அந்தப் புள்ளி நான்குக்கு என்ன பொருள்?

இன்னொன்று, ஃபீனோஏஜ், டுனெடின்பேஸ் போன்ற கடிகாரங்கள் இரத்த மாதிரிகளை வைத்து உருவாக்கப்பட்டவை. எச்சிலில் வெள்ளணுக்களோடு கன்னத்தோல் செல்களும் கலந்திருக்கும். அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். டுனெடின்பேஸுக்கு அடிப்படையான குழு 1972-73இல் நியூசிலாந்தில் பிறந்தவர்கள், பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் தமிழர் ஒருவருக்கு அந்த அளவுகோலை அப்படியே வைப்பதானால், ரிப்போர்ட் அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசிப் பக்கத்தில், முதுமையைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் என்எம்என் மாத்திரைக்குத் தள்ளுபடிக் கூப்பன். சோதிப்பவரே மருந்தும் விற்றால் எண்ணை எப்படி நம்புவது?

எங்கள் மதிப்பீடு 5க்கு 2, இரண்டும் குழாய்க்கே. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பணம் கட்டுமுன் மூன்று கேளுங்கள்: கடிகாரத்தின் பெயர் என்ன, பிழை எல்லை எவ்வளவு, சிப்பின் மூலத் தரவைத் தருவீர்களா. டெங்கியோ காய்ச்சலோ வந்து தேறிய உடனே எச்சில் கொடுக்காதீர்கள். வெள்ளணு விகிதம் மாறியிருக்கும், எண்ணும் அதோடு நகரும்.