கம்பளிப் போர்வையா, உறக்கப் பையா?

உதகையில் உறைபனி விழும் தை மாத இரவு. கைக்குழந்தைக்கு எது நல்லது: கம்பளிப் போர்வையா, உடைபோல் மாட்டி ஜிப் போடும் உறக்கப் பையா?

பாதுகாப்பு: கம்பளி, குழந்தை உதைக்க உதைக்க மேலேறி முகத்தை மூடிவிடலாம், மூச்சு முட்டும். ஒரு வயதுவரை தூக்கத்தில் தளர்வான போர்வை வேண்டவே வேண்டாம். கையில்லாத உறக்கப் பை உடம்போடு நிற்கும். அதன் கழுத்துப் பகுதி தலை உள்ளே நழுவாத அளவில் இருக்க வேண்டும்.

செலவு: கம்பளி வீட்டிலேயே இருக்கும். பையைக் குழந்தை வளர வளர மாற்ற வேண்டும்.

வசதி: நள்ளிரவில் ஈரத்துணி மாற்ற, கீழிருந்து திறக்கும் ஜிப் பெரிய உதவி.

விரல்கள் சில்லென்றிருந்தால் பதறாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடையில் ஓர் அடுக்கைக் குறையுங்கள்.

தொட்டிலில் உறக்கப் பை. விழித்திருந்து மடியில் பால் கொடுக்கும்போது பாட்டியின் கம்பளி.