பெட்டியா, டிரை கேபினெட்டா? கியூர்பீப் ஈரத்தில் லென்ஸைக் காப்பது

மொரீஷியஸின் கியூர்பீப்பில் குடியிருப்பவர் தூசியைவிடப் பூஞ்சைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். மேட்டு நிலம், ஓயாத தூறல். தோல் உறையில் போட்டுத் துணி அலமாரியில் வைத்திருந்த என் 50 மி.மீ. லென்ஸை ஒரு கோடை கழித்து எடுத்துப் பார்த்தேன். உள்கண்ணாடியில் சிலந்தி நூல் போல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தன. கழற்றித் துடைத்ததில் இழை போனது. கண்ணாடிப் பூச்சை அது அரித்த தடம் இன்னும் இருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று அன்று எனக்குத் தெரியாது.

லென்ஸ் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். டிரை கேபினெட் என்பது ஈரத்தை இழுக்கும் மின் அலமாரி; அதில் அளவைக் குறித்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். தினமும் திறந்து மூடலாம். கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். ஆனால் விலை அதிகம். புயல் நாளில் மின்சாரம் போனால் ஈரம் இழுக்கும் வேலையும் நின்றுவிடும்.

இரண்டு மூன்று லென்ஸ் வைத்து வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் போதும் என்பேன். நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். உள்ளே சின்ன ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வேண்டும். ஈரம் குடித்து ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஓவன் அடுப்பில் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, மூடிய பாட்டிலில் ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும்; பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அரிசி போடுவோரும் உண்டு. அதன் மாவுத்தூள் லென்ஸுக்குள் போகும்.

முன்கண்ணாடியைக் காக்க, அதன்மேல் மாட்டும் யுவி (புற ஊதா) ஃபில்டர் கண்ணாடியா, லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடு என்ற வளையமா? எனக்கு ஹூடுதான். இடி வாங்கிக்கொள்ளும், கூடுதலாக ஒரு கண்ணாடி குறுக்கே வராது. இரவில் கோவில் தீபத்தை எடுக்கும்போது ஃபில்டர் சுடரின் பிம்பத்தைப் படத்தில் இன்னொரு மூலையில் கொண்டுவந்து வைத்துவிடும். டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. ஆகவே இந்த ஃபில்டர் வெறும் கவசம்தான்.

அந்தக் கவசம் வேண்டிய இடங்களும் இருக்கின்றன. தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலையடிவாரத்தில் காவடிக் கூட்டத்துக்குள் நிற்கும்போது பாலும் மஞ்சள்நீரும் தெறிக்கும். பிளிக் ஆன் பிளாக் கடற்கரையில் உப்புச்சாரல். இரண்டுக்கும் ஃபில்டர் மாட்டுங்கள். வீடு வந்ததும் கழற்றிக் குழாய் நீரில் அலசிவிடலாம். லென்ஸை அப்படிச் செய்ய முடியாது. உப்புப் படிந்ததை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்து, பிறகு லேசாக ஈரம் தொட்ட மைக்ரோஃபைபர் துணி. ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே லென்ஸ் பெட்டிக்குள் போகலாம். இல்லையென்றால் ஒரே இரவில் மணிகள் பச்சையாகிவிடும்.